சிவப்பு, இரைச்சல், கத்தரிக்கோல்: 1977-ன் மூன்று திகில் டிஸ்குகள்

'சஸ்பீரியா', 'இரேசர்ஹெட்', 'ஹவுஸ்'. முதலாவது இத்தாலி, இரண்டாவது அமெரிக்கா, மூன்றாவது ஜப்பான். மூன்றும் வெளிவந்தது 1977-ல். மூன்றையும் பார்த்துவிட்டு எழுந்து வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றேதான்: "கதையே இல்லையே!"

புகாரில் பொய் இல்லை. சஸ்பீரியாவின் கதையை பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அமெரிக்கப் பெண் ஒருத்தி ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து நடனப் பள்ளியில் சேர வருகிறாள், அந்தப் பள்ளியை நடத்துகிறவர்கள் சூனியக்காரிகள். அவ்வளவுதான். இரேசர்ஹெட்டுக்கு டிக்கெட் கூடத் தேவையில்லை. ஆனால் இந்தப் படங்கள் கதையை நம்பி எடுக்கப்பட்டவை அல்லவே. சஸ்பீரியாவைத் தாங்கி நிற்பது அதன் சிவப்பு. இரேசர்ஹெட்டைத் தாங்குவது ஓயாத இரைச்சல். ஹவுஸ் முழுக்க முழுக்கக் கத்தரித்து ஒட்டிய வேலை. மட்டமான காப்பியில் முதலில் சாவது இந்த மூன்றும்தான். கதை மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேரும், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள்.

அதனால் படங்களைவிட அவற்றின் டிஸ்குகளையும், டிஸ்க்கை வீட்டில் ஒழுங்காக ஓட்டுவதையும் பற்றித்தான் இங்கே அதிகப் பேச்சு. எடுத்துக்கொண்டவை: சஸ்பீரியாவுக்கு சினாப்ஸ் ஃபிலிம்ஸ் 2019-ல் போட்ட 4கே டிஸ்க், இரேசர்ஹெட்டுக்கு கிரைட்டீரியன் 2014-ல் போட்ட ப்ளூ-ரே, ஹவுஸுக்கு அதே கிரைட்டீரியன் 2010-ல் போட்ட ப்ளூ-ரே.

சஸ்பீரியாவின் சிவப்பு எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். அது தெரிந்தால்தான் டிஸ்க் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது புரியும். ஒளிப்பதிவாளர் லூசியானோ டோவோலி, விளக்குக்கு முன்னால் கலர் ஜெலட்டின் மாட்டும் வழக்கமான முறையோடு நிற்கவில்லை. வெல்வெட் துணியையும் மெல்லிய டிஷ்யூ தாளையும் சட்டங்களில் கட்டினார். பெரிய ஆர்க் விளக்குகளின் வெளிச்சத்தை அவற்றின் வழியே விட்டார். அந்தச் சட்டங்களை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். சாயத் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி முகங்கள் தெரிவது அதனால்தான். படம் பிடித்தது சாதாரண ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவில். பிரிண்ட் போட்டது டெக்னிகலரின் பழைய சாயமேற்று முறையில். ஒரே காட்சிக்கு மூன்று அச்சுகள் செய்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள், மெஜந்தா, சயான் என ஒரு சாயத்தை ஊறவைத்து, வெற்று ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். அச்சுக்கட்டையால் துணியில் பூப்போடுகிற அதே தத்துவம். அந்த முறை வழக்கொழிந்துகொண்டிருந்த காலம் அது, அதில் பிரிண்ட் கண்ட கடைசிப் படங்களில் இதுவும் ஒன்று.

ஆக இந்தப் படத்தின் ரத்தம் ரத்த நிறத்தில் இருக்காது. பிரஷ்ஷில் தொட்டு எடுத்த செம்பருத்திச் சிவப்பில் இருக்கும். 'நிஜம் போலவே இல்லை' என்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில், நிஜம் போல இருக்கக்கூடாது என்றுதான் இத்தனை பாடுபட்டார்கள் என்பது. டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' கார்ட்டூன் நிறங்கள்தான் இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ மனதில் வைத்திருந்த மாதிரி. கதவுக் கைப்பிடிகளைக் கவனியுங்கள், நடிகைகளின் தலை உயரத்தில் இருக்கும். முதலில் இதைச் சின்னப் பிள்ளைகளை வைத்து எடுக்கத்தான் யோசித்தார்கள். குழந்தைகளை இப்படிக் கொல்வதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வயதைக் கூட்டினார்கள், கைப்பிடியை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். வளர்ந்த பெண்கள் கையை உயர்த்திக் கதவைத் திறக்கும்போது ஏன் பாவமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இந்தச் சிவப்பை டிஜிட்டலுக்குக் கொண்டுவருவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. வீடியோ எதுவாக இருந்தாலும் வெளிச்சம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் எனப் பிரித்துத்தான் சேமிப்பார்கள். நம் கண் வெளிச்சத்தைக் கூர்மையாகவும் நிறத்தை மந்தமாகவும் பார்ப்பதால், நிறத்தின் பங்கை நாலில் ஒன்றாகக் குறைத்துவிடுவார்கள். சாதாரண ப்ளூ-ரேயில் வெளிச்சத்துக்கு 1920 × 1080 புள்ளிகள், நிறத்துக்கு 960 × 540 தான். மற்ற படங்களில் யாருக்கும் இது தெரியாது. ஆனால் எச்டி தரத்தின் வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. அப்படியென்றால் சுத்தச் சிவப்பில் குளித்த ஒரு முகம் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட இருட்டு. மூக்கு, கன்னம், இமை என்ற விவரமெல்லாம் நாலில் ஒன்றாகச் சுருங்கிய நிறப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சுருக்கும் மென்பொருளும் 'இங்கே இருட்டுதானே' என்று அந்த இடத்துக்குக் கஞ்சத்தனமாகவே டேட்டா ஒதுக்கும். விளைவு: விளிம்புகள் படிக்கட்டு மாதிரி, கன்னம் ஒரே திட்டாக.

4கே டிஸ்க்கிலும் இதே நாலில் ஒரு பங்கு விதிதான். ஆனால் மொத்தமே 3840 × 2160 என்பதால் நிறத்துக்கு 1920 × 1080 கிடைத்துவிடுகிறது. பழைய டிஸ்க்கில் வெளிச்சத்துக்கு இருந்த இடம் இங்கே நிறத்துக்கு. கூடவே 10 பிட். அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள். சுவரில் சிவப்பு மெல்ல மெல்லக் கருப்பாக இறங்கும் இடங்களில் வளையம் வளையமாகக் கோடு விழாமல் இருப்பது இதனால். '4கே என்பதெல்லாம் விளம்பரம், பழைய படத்துக்கு எதற்கு' என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு படத்தை வைத்துப் பேசக்கூடாது. ஸ்ட்ரீமிங்கில் வரும் 4கே அநேகமாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட். டிஸ்க்குக்கு 100-ஐத் தாண்டவும் இடமிருக்கிறது. இந்தப் படத்தில் அந்த வித்தியாசம் பூராவும் சிவப்பில்தான் தெரியும்.

சினாப்ஸின் வேலை ஒரிஜினல் கேமரா நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து, டோவோலியே பக்கத்தில் இருந்து நிறம் பார்த்துச் செய்தது. இதற்கு முன்னால் 2010 வாக்கில் புழக்கத்தில் இருந்த ப்ளூ-ரேக்களில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றித் தள்ளியிருப்பார்கள். வெள்ளைச் சுவர் எரிந்துபோய், சிவப்பு விளம்பரப் பலகை மாதிரி ஆகி, பார்த்தவுடன் 'ஆஹா, என்ன கலர்' என்று தோன்றும். அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். புதியதைப் பக்கத்தில் வைத்தால் முதல் பார்வைக்கு மங்கலாகத் தெரியக்கூடும். ஏமாற வேண்டாம். வெள்ளைக்குள் இருந்த கோலங்களும், சிவப்புக்குள் இருந்த முகமும் திரும்பி வந்திருக்கின்றன.

சோதித்துப் பார்க்க வேண்டிய காட்சி, படத்தின் நடுவில் வரும் படுக்கைக் காட்சி. கூரையிலிருந்து புழு கொட்டியதால் மாணவிகள் எல்லோரும் நடனக் கூடத்தில் படுக்கிறார்கள், நடுவில் வெள்ளைத் துணிகளைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். விளக்கணைத்ததும் கூடம் மொத்தமும் சிவப்பாகிறது. துணிக்குப் பின்னால் ஒரு உருவம் படுத்து, அடைத்த தொண்டையில் குறட்டை விடுகிறது. சரியான டிவியில் மூன்று அடுக்கு தெரிய வேண்டும்: முன்னால் இரண்டு பெண்களின் முகம், துணியின் நெசவும் மடிப்பும், அதற்கும் பின்னால் நிழல். முகமும் துணியும் ஒரே சிவப்பாக ஒட்டிப்போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், டிவியின் 'விவிட்' மோடை அணையுங்கள். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்குப் போய், கலரைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டு, அசைவை மென்மையாக்கும் வசதி, நாய்ஸ் ரிடக்ஷன், வெளிச்சத்துக்கு ஏற்ப மங்கும் மின்சிக்கன வசதி மூன்றையும் நிறுத்துங்கள். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் ஃபிலிமின் குருணை போகும், கூடவே துணியின் நெசவும் போகும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் அதிக வீச்சைக் காட்டும் எச்டிஆர் முறையையும், அதில் ஒரு வகையான டால்பி விஷனையும் பற்றி இரண்டு விஷயம். டிஸ்க்கில் டால்பி விஷன் இருக்கிறது, ஆனால் எல்லாக் கருவியும் அதைத் தராது. பிளேஸ்டேஷன் 5-ல் டால்பி விஷனே இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் ஸ்ட்ரீமிங்குக்கு உண்டு, டிஸ்க்குக்குக் கிடையாது. சாம்சங் டிவிகளில் எந்த மாடலிலும் இல்லை. இவற்றில் எல்லாம் டிஸ்க் தானாகவே எச்டிஆரின் அடிப்படை வகையான எச்டிஆர்10-க்கு இறங்கி ஓடும், நஷ்டம் பெரிதில்லை. சோனி எக்ஸ்700 மாதிரி ப்ளேயர்களில் டால்பி விஷனைக் கையால் போட வேண்டும், படம் முடிந்ததும் கையாலேயே அணைக்கவும் வேண்டும். மறந்துவிட்டால் அடுத்துப் போடும் எச்டிஆர்10 டிஸ்க்கும் டால்பி விஷன் வேஷத்தில் ஓடி நிறம் கோணும். இரண்டாவது: பெட்டியில் 'எச்டிஆர்' என்று மட்டும் அச்சடித்து, 300 நிட்ஸ் வெளிச்சத்தோடு, பகுதி பகுதியாக மங்கும் பின்விளக்கு இல்லாமல் விற்கிற மலிவு டிவிகளில் இந்த 4கே டிஸ்க் இருட்டடித்துத்தான் தெரியும். அப்படிப்பட்ட டிவி என்றால் இதே புதுப்பித்தலிலிருந்து சினாப்ஸ் 2017-ல் போட்ட சாதாரண ப்ளூ-ரேயே போதும், காசும் மிச்சம்.

இப்போது காது. டிஸ்க்கில் தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் அட்மாஸ் ட்ராக் ஒன்று இருக்கிறது, 1977-ன் 4.0 ஆங்கில மிக்ஸும் இருக்கிறது, இத்தாலியனும் இருக்கிறது. யோசிக்கவே வேண்டாம், 4.0. இடது, நடு, வலது, பின்னால் ஒன்று என்று அன்றைய தியேட்டருக்காகக் கலந்தது. கோப்ளின் குழுவின் இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே உருவாக்கி, தளத்தில் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே நடிக்க வைத்தார்கள். அதில் மூக் சிந்தசைசர், கிரேக்க பூசூக்கி, நம் தபேலா எல்லாம் உண்டு. தபேலாவுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று எந்தக் கச்சேரி மேடையிலும் தெரிந்துகொள்ள முடியாது.

முதல் இரண்டு நிமிடத்திலேயே மிக்ஸின் சாமர்த்தியம் தெரிந்துவிடும். மியூனிக் விமான நிலையம். நாயகி சூசி பெட்டியோடு வெளியே வருகிறாள். உள்ளே வெறும் அறிவிப்புச் சத்தம். எதிரே தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. யாரோ வெளியேறக் கதவு திறக்கும்போது மட்டும் அந்தத் தாலாட்டு மெட்டு உள்ளே புகுகிறது, மூடியதும் அறுந்துபோகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி மெட்டு. கதவுக்கு வெளியே இருப்பது மழை மட்டும் இல்லை என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியாயிற்று. ஒலி அளவைச் சமப்படுத்தும் 'நைட் மோட்' அல்லது 'ஆட்டோ வால்யூம்' போட்டிருந்தால் இந்த வெட்டு மழுங்கிவிடும். உள்ளே இருக்கும் அமைதியையும் அது தூக்கிக்கொடுத்துவிடும்.

4.0-ல் தவறு நேர இரண்டு இடம் உண்டு. ஒன்று, அது டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தில் இருக்கிறது. ப்ளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஆர்க் (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளில் வெளியே அனுப்பும் வசதி) வழியாக சவுண்ட்பாருக்குக் கொண்டுபோகிறவர்களுக்குச் சத்தமே வராமல் போகலாம். சாம்சங் 2018-லிருந்து டிடிஎஸ்ஸைக் கைவிட்டது, எல்ஜி 2020 முதல் 2022 வரையிலான மாடல்களில் கைவிட்டது. ப்ளேயரை நேராக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ செருகுவது சரியான வழி. முடியாதென்றால் ப்ளேயரின் ஆடியோ அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' என்பதிலிருந்து 'பிசிஎம்'முக்கு மாற்றுங்கள், டிடிஎஸ்ஸை ப்ளேயரே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் சாதாரண ஆர்க் பிசிஎம்மில் இரண்டு சேனலுக்கு மேல் கொண்டுபோகாது, அதன் புதிய வடிவமான ஈ-ஆர்க் வேண்டும். இரண்டாவது, 4.0-ல் அடித்தொனிக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபருக்கெனத் தனி ட்ராக் கிடையாது. சப்வூஃபர் சும்மா கிடக்கிறதே என்று பதற வேண்டாம். ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் அடித்தொனி தானாக சப்வூஃபருக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று, உதட்டசைவு. பேச்சும் வாயும் ஒட்டாது. உடனே ரிமோட்டை எடுத்து ஆடியோ டிலேயை நகர்த்த ஆரம்பித்துவிடுவார்கள். நகர்த்தாதீர்கள். அன்றைய இத்தாலியப் படங்களில் பேச்சைத் தளத்தில் பதிவு செய்யும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. பல நாட்டு நடிகர்கள் கலந்து நடித்ததை அப்புறம்தான் டப்பிங்கில் ஒட்டினார்கள். ஒருவர் வாய்க்குச் சரிசெய்தால் அடுத்தவர் வாய்க்குக் கோணும். டிலேயைச் சோதிக்க வேண்டுமென்றால் கதவு அறையும் சத்தத்தை வைத்துச் சோதியுங்கள், வாயை வைத்து வேண்டாம்.

படமாக இதற்கு ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். மியூனிக்கில் ஒரு கட்டடத்துக்கு வெளியே நின்றுகொண்டு சூனியக்காரிகளின் வரலாற்றை இரண்டு அறிஞர்கள் பாடம் எடுக்கிறார்கள். அதுவரை நிறத்தாலும் சத்தத்தாலும் மட்டுமே பயமுறுத்திய படம், திடீரென்று டியூஷன் சென்டர் ஆகிவிடுகிறது. அந்தப் பகல் வெளிச்சத்தில் டோவோலியின் சட்டமும் இல்லை, சாயமும் இல்லை. முடிவும் அவசரம். கூடுதல் அம்சங்களில் மியூனிக் படப்பிடிப்பு இடங்களை நாஜி காலத்தோடு சேர்த்துப் பேசும் சிறு பகுதி மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டியது. பார்வையற்ற பியானோக்காரர் நாயோடு நடந்து வரும் அந்த வெட்டவெளி கோனிக்ஸ்பிளாட்ஸ். நாஜிகள் அணிவகுத்த இடம் என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியின் வெறுமைக்கு வேறு எடை வந்துவிடுகிறது. இரண்டு கமெண்டரிகளும் அர்ஜென்டோவை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர்களுக்கு.

இரேசர்ஹெட்டில் நிறம் கிடையாது, கருப்பு வெள்ளை. 89 நிமிடம். இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1972-ல் ஆரம்பித்தார். பெவர்லி ஹில்ஸில் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வசமிருந்த மாளிகையின் பழைய குதிரை லாயம்தான் படப்பிடிப்புத் தளம். காசு தீரும்போதெல்லாம் வேலை நின்றது. நாயகன் ஹென்றி ஒரு கதவைத் திறக்கும் ஷாட்டுக்கும், உள்ளே நுழையும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் நிஜத்தில் ஒன்றரை வருடம். ஹென்றியாக நடித்த ஜாக் நான்ஸ் அத்தனை காலமும் நட்டுக்கொண்டு நிற்கும் அந்தத் தலைமுடியைக் காப்பாற்றி வைத்திருந்தார். ஒளிப்பதிவாளரே நடுவில் மாறினார். ஹெர்பர்ட் கார்ட்வெல் விட்ட இடத்திலிருந்து ஃப்ரெடரிக் எல்ம்ஸ் தொடர்ந்தார். எது யார் எடுத்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அத்தனை சீரான இருட்டு.

அந்த இருட்டுதான் டிவியைக் காட்டிக்கொடுக்கும். ஹென்றியின் அறையில் சுவரும் கட்டிலும் அலமாரியும் எல்லாம் கருப்புக்கு ஒரு விரல் மேலே நிற்கும். மை கொட்டியது போல எல்லாம் ஒன்றாகிவிட்டால், பெரும்பாலும் ப்ளேயரும் டிவியும் ஒரே பாஷை பேசவில்லை என்று அர்த்தம். கருப்பு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கில் ஒன்று 'லிமிடெட்', மற்றது 'ஃபுல்' ரேஞ்சில் இருக்கும். டிவி மெனுவில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்று இருப்பதை ப்ளேயரோடு ஒத்துப்போகிற மாதிரி மாற்றுங்கள், இரண்டையும் ஆட்டோவில் விட்டாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். மாறாக எல்லாம் சாம்பல் பூத்துத் தெரிந்தாலும் அதே பொருத்தமின்மைதான், எதிர்ப்பக்கமாக. அறையில் விளக்கு வேண்டாம். இது ரசனைக்காகச் சொல்வது இல்லை. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டாலே இந்தப் படத்தில் பாதி அலங்காரம் காணாமல் போகும்.

ஆனாலும் இது கண்ணால் பார்க்கும் படமாவதற்கு முன்னால் காதால் கேட்கும் படம். ஆலன் ஸ்ப்ளெட்டும் லிஞ்சும் சேர்ந்து செய்த சத்தம், முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி வரை நிற்பதில்லை. தொழிற்சாலை உறுமல், நீராவிக் குழாய் சீறல், எங்கோ காற்று. ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி ரீங்காரம் உண்டு. கட் ஆகி வேறு அறைக்குப் போனால் ரீங்காரமும் மாறும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கம் கேமரா போகும்போது சீறல் ஏறுவதைக் கவனித்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே காது தயாராகிவிட்டது தெரியும். முதல் 10 நிமிடத்துக்கு வசனமே இல்லை. அப்புறமும் சொற்பம்தான்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தப் படத்தைப் போடுவது வெந்நீரில் பில்டர் காபி கேட்பது மாதிரி. அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் 100, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கை விரித்துவிடும், உறுமலின் பெரும்பகுதி இருப்பதே அங்கேதான். மிஞ்சுவது மேல்ஸ்தாயிச் சீறல் மட்டும், அது எரிச்சலைத் தரும், பயத்தைத் தராது. 'எப்போதும் ஒரே சத்தம், தலைவலி' என்ற புகார் அநேகமாக இப்படித்தான் பிறக்கிறது. ட்ராக் சுருக்கப்படாத இரண்டு சேனல் ஸ்டீரியோ. நல்ல இரண்டு ஸ்பீக்கர் போதும். ரிசீவர் அதை ஐந்தாகவும் ஏழாகவும் விரிக்க அனுமதிக்காதீர்கள், 'டைரக்ட்' அல்லது 'ஸ்டீரியோ'வில் வையுங்கள். 'கிளியர் வாய்ஸ்' மாதிரியான பேச்சைத் தூக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். அது பேச்சுக்காக அடித்தொனியை வெட்டும், இங்கே பேச்சே இல்லை. ஒலியளவை, ஆரம்ப உறுமல் மார்பில் லேசாகப் படும் அளவுக்கு ஒரு தரம் வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே போடுங்கள். பின்னால் ஓரிரு இடத்தில் தூக்கிவாரிப்போடும், அது வேண்டுமென்றே செய்தது.

சாப்பாட்டு மேஜைக் காட்சி ஒன்று போதும் இந்த மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று சொல்ல. மாமனார் வீட்டில் விருந்து. தட்டில் உள்ளங்கை அளவே உள்ள ஒரு கோழி. மாப்பிள்ளை முறைக்கு அதை வெட்ட வேண்டும். கத்தியை வைத்ததும் கோழியின் கால்கள் மெல்ல ஆட, உள்ளிருந்து கருப்பாக ஏதோ நுரைத்து வழிகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் சங்கடத்தை அப்படியே பேய்க்கனவாக்கியிருக்கிறார். ஹென்றிக்குப் பிறக்கும், மனித உருவமில்லாத அந்தக் 'குழந்தை'யை எதால் செய்தார் என்பதைக் கடைசி வரை அவர் சொல்லவில்லை. டிஸ்க்கிலும் அதற்கு விடை தேடாதீர்கள். இருப்பது அவருடைய ஆறு குறும்படங்கள். அதில் 1970-ன் 'தி கிராண்ட்மதர்' 34 நிமிடம், கிட்டத்தட்ட இரேசர்ஹெட்டுக்கு ஒத்திகை. இதற்காக மட்டுமே டிஸ்க் வாங்கினாலும் நஷ்டமில்லை.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கிரைட்டீரியனின் அமெரிக்கப் ப்ளூ-ரேக்கள் ஏ ரீஜன் பூட்டு உள்ளவை. இந்தியாவும் இலங்கையும் சி ரீஜன், ஐரோப்பா பி. இந்தியக் கடையில் வாங்கிய சாதாரண ப்ளேயர் இந்த டிஸ்க்கை விழுங்கிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடாவில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ஏ ரீஜன். மற்றவர்களுக்கு எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய ப்ளேயர் வேண்டும். 4கே டிஸ்குகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது, சஸ்பீரியா எங்கும் ஓடும். ஆனால் 4கே தொகுப்புகளோடு வரும் சாதாரண ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம், பெட்டியின் பின்பக்கத்தில் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். சஸ்பீரியாவுக்கும் இரேசர்ஹெட்டுக்கும் ஆங்கில சப்டைட்டில்தான். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் டிஸ்க் விலையோடு தபாலும் சுங்கவரியும் சேரும், ஒன்றொன்றாக வாங்காமல் சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

ஹவுஸுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். ஏழு மாணவிகள் ஒருத்தியின் அத்தை வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள், வீடு அவர்களை ஒவ்வொருவராகத் தின்கிறது. விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒபயாஷி, டோஹோ நிறுவனத்துக்காகச் செய்த முதல் முழுநீளப் படம். யோசனைகள் பலவும் அவருடைய சின்ன மகள் சிகுமி சொன்னவை. பியானோ விரலைக் கடித்தால்? கிணற்றில் குளிரவைத்த தர்பூசணிக்குப் பதில் தலை வந்தால்? அதனால் தந்திரக் காட்சிகளையும் பிள்ளைகள் கத்தரித்து ஒட்டிய மாதிரியே இருக்கட்டும் என்று விட்டார். வரைந்த வானம், பறக்கும் விரல், வாயில் ரத்தத்தோடு பூனை. 'கிராஃபிக்ஸ் கேவலம்' என்று சிரித்துவிட்டு, அத்தையின் காதலன் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒபயாஷி ஹிரோஷிமா மாகாணத்துக்காரர்.

படம் 1.33:1, கிட்டத்தட்ட சதுரம். அகல டிவியில் இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். 'ஆட்டோ', 'வைட் ஜூம்' போன்றவை ஃப்ரேமை இழுத்து முகங்களைப் பூசணியாக்கும், அல்லது மேலும் கீழும் வெட்டும். இந்த மனிதர் ஃப்ரேமின் ஓரங்களில்தான் வேடிக்கை காட்டுகிறார். 'ஒரிஜினல்' என்று வையுங்கள். சில ஷாட்டுகள் பளிச்சென்று இருக்கும், அடுத்த ஷாட் மங்கிக் குருணை கூடும். அது டிஸ்க்கின் கோளாறு இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படங்களை ஒட்ட, அன்றைக்கு ஃபிலிமையே திரும்பத் திரும்பப் படம்பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறைத் தெளிவு போகும். எங்கே மங்குகிறதோ அங்கே தந்திரம் வரப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

ஒலி மோனோ, மாற்ற எதுவுமில்லை. டிஸ்க்கில் ஒபயாஷி 1966-ல் எடுத்த 'எமோஷன்' என்ற சோதனைக் குறும்படமும் இருக்கிறது, ரத்தக்காட்டேரி விளையாட்டு. அதை ஹவுஸுக்கு முன்னால் போடாதீர்கள். பின்னால் போட்டால், பியானோ காட்சியின் வெட்டு எங்கிருந்து வந்தது என்று அதில் பிடிபடும்.